ஒருவழி மூச்சு

டிரையம்ப், நார்ட்டன், பிஎஸ்ஏ என்று பழைய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள்களின் பேச்சு எழுந்தால், அவற்றின் அழகுக்கும் ஓசைக்கும் அடுத்தபடியாக வருவது ஆயில் ஒழுக்கு. பழி பெரும்பாலும் தொழிற்சாலை வேலையின் மீது விழும். நெடுக்காக இரண்டாகப் பிளந்த கிராங்க்கேஸ், சமமாக இழைக்கப்படாத முகப்புகள், மெல்லிய காகித பேக்கிங் என்று பட்டியல் நீளும். அதில் உண்மை உண்டு. ஆனால் ஆயில் தானாக இடம் பெயராது. அதைத் தள்ள ஏதாவது வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் அதைத் தள்ளுவது கிராங்க்கேஸுக்குள் அடைபட்டிருக்கும் காற்று. அந்தக் காற்று வெளியேறுவதற்கென்று விடப்பட்ட சிறிய வழிக்குத்தான் பிரீதர் என்று பெயர். பழைய பைக்குகளை வைத்துப் பராமரிப்பவர்கள் அடிக்கடி கைவைக்கும் இடம் அது. பெரும்பாலானவர்கள் செய்வது இருக்கும் துளையைப் பெரிதாக்குவது, இல்லாவிட்டால் வேறோர் இடத்தில் இன்னொரு துளை போடுவது. இரண்டும் தவறான திசையில் போகின்றன என்றே நினைக்கிறேன். இந்த என்ஜின்களுக்கு வழி அகலமாக இருப்பதைவிட, அது ஒருவழியாக இருப்பது முக்கியம்.

காரணம் கிராங்கின் அமைப்பில் இருக்கிறது. எட்வர்ட் டர்னர் வடிவமைத்த 498 சிசி டிரையம்ப் ஸ்பீட் ட்வின் 1937இல் அறிமுகமானது. அதன் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். வெடிப்பு மட்டும் இரண்டு சிலிண்டர்களிலும் மாறி மாறி நடக்கும். 360 டிகிரி கிராங்க் என்று சொல்வது இதைத்தான். கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு என்று சீரான இடைவெளி கிடைப்பதால், ஒரே கார்புரேட்டரை வைத்தே என்ஜின் மென்மையாக ஓடியது. அந்த வெற்றியைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பிஎஸ்ஏவின் ஏ7 1946இலும், பெர்ட் ஹாப்வுட் வரைந்த நார்ட்டன் டாமினேட்டர் 1949இலும் அதே அமைப்போடு வந்தன. பிஸ்டனுக்கு மேலே நடப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. பிஸ்டனுக்குக் கீழே நடப்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்து இறங்கும்போது கிராங்க்கேஸின் உள்வெளி சட்டென்று சுருங்குகிறது; சேர்ந்து ஏறும்போது விரிகிறது. 71 மில்லிமீட்டர் போரும் 82 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட டிரையம்ப் பானவில்லில் இந்தச் சுருக்கமும் விரிவும் ஒவ்வொரு சுற்றிலும் 649 கனசென்டிமீட்டர். மேலே 650 சிசி என்ஜின் ஓடுகிறதென்றால், கீழே அதே கொள்ளளவுள்ள காற்றடிக்கும் பம்பு ஒன்றும் ஓடுகிறது.

துளையைப் பெரிதாக்கினால் போதும் என்பவர்கள் இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 5 மில்லிசெகண்டு ஆகிறது. அந்த நேரத்துக்குள் 649 கனசென்டிமீட்டர் காற்று முழுவதும் 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் வழியே வெளியேற வேண்டுமானால், அதன் சராசரி வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1150 மீட்டராக இருந்தாக வேண்டும். காற்றில் ஒலியின் வேகமே நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். ஆகவே அது நடக்காத காரியம். குழாயை 25 மில்லிமீட்டராக்கினாலும் வேகம் 264 மீட்டர் வேண்டும். அதுவும் நடைமுறைக்கு ஒவ்வாது. 50 மில்லிமீட்டர் குழாய் வைத்தால்தான் 66 மீட்டர் என்ற நியாயமான அளவுக்கு இறங்கும். அவ்வளவு பெரிய குழாயை அந்தக் கிராங்க்கேஸில் பொருத்த இடமில்லை. வேகம் இருக்கட்டும், 1000 சுற்றில் சும்மா நின்று ஓடும்போதுகூட 12 மில்லிமீட்டர் குழாயில் 190 மீட்டர் வேகம் தேவைப்படுகிறது. திறந்த குழாய் எந்த வேகத்திலும் இந்த என்ஜினை முழுமையாகச் சுவாசிக்க விடாது. குழாய் வழியே கொஞ்சம் காற்று முன்னும் பின்னும் ஆடும். மீதி உள்ளேயே அமுங்கி விரிந்துகொண்டிருக்கும். ஆடும் காற்று ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் ஆயில் துகள்களைச் சுமந்து போகிறது. திரும்பும்போது வெளியிலுள்ள தூசியையும் ஈரத்தையும் கொண்டு வருகிறது. துளையை அகலமாக்கினால் இந்தப் போக்குவரத்து கூடும், அவ்வளவுதான்.

இனி ஒருவழி வால்வு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கணக்குக்காக, பிஸ்டன்கள் உச்சியில் இருக்கும்போது கிராங்க்கேஸின் உள்வெளி 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவை அடிக்கு வரும்போது அது 2.35 லிட்டராகச் சுருங்கும். எங்கும் வழியில்லாமல் மூடிய பெட்டியாக இருந்தால், உச்சியில் ஒரு வளிமண்டல அழுத்தம் இருந்தது அடியில் 1.28 மடங்காகும், சுருக்கம் வேகமாக நடந்து காற்று சூடேறுவதையும் சேர்த்தால் 1.4 மடங்கு வரை போகும். அந்த மிகை அழுத்தம்தான் பேக்கிங்கிலும் ஆயில் சீலிலும் வழி தேடுகிறது. இப்போது வெளியே மட்டும் திறக்கும் வால்வு ஒன்றை வைக்கிறோம். முதல் சில சுற்றுகளில் பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று வெளியேறும். ஏறும்போது வால்வு மூடிக்கொள்வதால் அது திரும்பி வராது. ஓரிரு நொடிகளில் புதிய நிலை ஏற்படுகிறது: பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தம், உச்சிக்குப் போகும்போது 0.7 அல்லது 0.8. ஏற்ற இறக்கம் ஒழிந்துவிடவில்லை. அது முழுவதுமாக வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கீழே நகர்ந்துவிட்டது. வெளியே தள்ளும் அழுத்தம் இல்லாதபோது, தரம் குறைந்த இணைப்பில்கூட ஆயில் வெளியே வரக் காரணமில்லை. இதைவிட முக்கியமான இன்னொரு விளைவும் உண்டு. நிலை அமைந்த பிறகு வால்வு வழியே ஒவ்வொரு சுற்றிலும் போக வேண்டியது 649 கனசென்டிமீட்டர் அல்ல. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் எரிவாயுவின் அளவு மட்டும்தான். அதற்குச் சாதாரணக் குழாயே தாராளம். குறைந்த காற்று போனால் அதோடு போகும் ஆயிலும் குறையும். உண்மையில் எந்த வால்வும் இந்தக் கணக்கு அளவுக்குக் கச்சிதமாக வேலை செய்யாது. திறக்க ஒரு கணம் தாமதிக்கும், மூடுவதற்குள் கொஞ்சம் பின்வாங்கவிடும். ஆனால் திசை மாறாது.

இது யாரோ பின்னாளில் கண்டுபிடித்த யுக்தி அல்ல. அந்தத் தொழிற்சாலைகளே தொடக்கத்தில் இதைத்தான் செய்ய முயன்றன. டிரையம்ப் என்ஜினில் இன்லெட் கேம்ஷாஃப்ட்டின் இடது முனையில் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்த ஒரு சிறிய வட்டு கேமோடு சேர்ந்து சுழலும். பிஸ்டன்கள் இறங்கும் நேரத்தில் அதன் துளை கிராங்க்கேஸின் துளையோடு நேர்ப்பட்டு வழி திறக்கும். ஏறும் நேரத்தில் மூடும். நார்ட்டனும் கேம்ஷாஃப்ட் முனையில் இதே போன்ற ஏற்பாட்டை வைத்திருந்தது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் 1936இலிருந்து தன் பெரிய வி-ட்வின்களில் கியரால் சுழலும் பிரீதர் வால்வைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியது. 45 டிகிரி வி அமைப்பில் ஒரே கிராங்க் முனையில் ஏறக்குறைய சேர்ந்தே ஓடும் இரண்டு பிஸ்டன்களுக்கும் இதே சிக்கல்தான். ஒற்றை சிலிண்டர் என்ஜினுக்கும் இதிலிருந்து தப்பில்லை. திருவொற்றியூரில் தயாரான புல்லட் 350இன் 346 கனசென்டிமீட்டரும் சுற்றுக்குச் சுற்று முழுதாகக் கிராங்க்கேஸைச் சுருக்கி விரிக்கிறது. அதன் பிரீதர் குழாயின் நுனியில் வாத்தின் அலகு போல் ரப்பர் வால்வு ஒன்று இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது ஒருவழி வால்வு. ரப்பர் இறுகி அந்த அலகு பிளந்தபடியே நின்றுவிட்டால், அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் குழாயோடு ஓட்டுவது பெரிய தவறு.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். தொழிற்சாலைக்கு அவ்வளவு தெரிந்திருந்தால், டிரையம்ப் ஏன் 1970இல் அந்தச் சுழல் வட்டைக் கைவிட்டது? அந்த ஆண்டு 650 என்ஜினில் வட்டு போயிற்று. கிராங்கின் இடப்பக்க ஆயில் சீலும் போயிற்று. கிராங்க்கேஸ் சுவரில் மூன்று சிறு துளைகள் இட்டு, காற்றைப் பிரைமரி செயின் பெட்டிக்குள் விட்டார்கள். அங்கிருந்து பின்புறமாக ஒரு அகலமான குழாய் வழியே அது வெளியேறியது. வால்வே கிடையாது. அந்த பைக்குகள் நன்றாகவும் ஓடின. இது என் வாதத்தை முறிப்பதுபோல் தோன்றும். ஆனால் என்ன மாறியது என்று கவனித்தால் அது வேறொரு வழியில் அதே சிக்கலைத் தணித்திருப்பது புரியும். பிரைமரி பெட்டியின் வெற்றிடம் கிராங்க்கேஸோடு சேர்ந்துவிட்டது. மேலே போட்ட கணக்கில் 3 லிட்டருக்குப் பதில் 4 லிட்டர் என்று வைத்தால், அழுத்த உயர்வு 1.28இலிருந்து 1.19க்கு இறங்குகிறது. பெட்டிக்குள் காற்று வேகம் தணிவதால் ஆயில் துகள்கள் அங்கேயே படிந்து, துளைகள் வழியே கிராங்க்கேஸுக்குத் திரும்புகின்றன. கேமோடு சுழலும் வட்டுக்கு ஒரு பிறவிக் குறையும் இருந்தது. அது எப்போது திறக்க வேண்டும் என்பதைப் பற்சக்கரம் தீர்மானிக்கிறது, அழுத்தம் தீர்மானிப்பதில்லை. குழாயில் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு; அது நகரத் தொடங்க நேரம் எடுக்கும். 2000 சுற்றுக்குச் சரியான திறப்பு நேரம் 6000 சுற்றுக்குச் சரியாக அமையாது. வட்டும் அதன் இருக்கையும் தேய்ந்தால் வேலை இன்னும் கெடும். ஆக, டிரையம்ப் கைவிட்டது நேரம் நிர்ணயித்த வால்வை. ஒருவழிப் போக்கு என்ற கொள்கை தவறென்று அதனால் நிரூபணமாகவில்லை.

ஜப்பானிய உதாரணத்தைக் காட்டுவோரும் உண்டு. யமஹா எக்ஸ்எஸ் 650உம் 360 டிகிரி இரட்டை சிலிண்டர்தானே, அது ஏன் இப்படிப் பெயர் கெடவில்லை என்பார்கள். நல்ல கேள்வி. அதன் கேஸ் கிடைமட்டமாகப் பிளந்தது. கிராங்கும் கியர்பாக்ஸும் ஒரே பெட்டியில், ஒரே ஆயிலில் இருக்கின்றன. அதனால் பிஸ்டன்கள் நெரிக்கும் காற்றுக்கு இடம் அதிகம், ஏற்ற இறக்கம் குறைவு. பிரிட்டிஷ் என்ஜின்களோ ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் வகை. கிராங்க்கேஸ் இறுக்கமாகவும் சிறியதாகவும் இருக்கும். 1960களில் வந்த ஹோண்டா சிபி 450 இன்னொரு வழியைக் காட்டியது: 180 டிகிரி கிராங்க். ஒரு பிஸ்டன் ஏற மற்றொன்று இறங்குவதால் காற்று பக்கத்திலிருந்து பக்கத்துக்கு நகர்கிறதே தவிர, மொத்த உள்வெளி மிகச் சிறிதளவே மாறுகிறது. கனெக்டிங் ராடு சாய்வதால் எஞ்சும் மாற்றம் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்குதான். 2018இல் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650இன் 270 டிகிரி கிராங்க் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது; அதில் மாற்றம் 648இல் ஏறக்குறைய 460 கனசென்டிமீட்டர். எனவே இந்தச் சிக்கலுக்கு மூன்று வழிகள் உண்டு: கிராங்கை மாற்றுவது, இடத்தைப் பெருக்குவது, ஒருவழி வால்வு வைப்பது. 1965ஆம் ஆண்டு பானவில்லை வைத்திருப்பவருக்கு முதலாவது இயலாது, இரண்டாவது கேஸைத் துளைக்காமல் ஆகாது. எஞ்சுவது மூன்றாவது.

எந்த வால்வு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கார் பிரேக் பூஸ்டரில் வரும் ஒருவழி வால்வு மலிவாகக் கிடைப்பதால் அதையே குழாயின் நடுவில் செருகிவிடுவோர் உண்டு. அது நிதானமான வேலைக்குச் செய்யப்பட்டது. 6000 சுற்றில் நொடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டிய இடத்தில் அதன் ஸ்பிரிங்கும் கனமான தட்டும் பின்தங்கிவிடும். பாதி திறந்தபடி நடுங்கிக்கொண்டிருக்கும் வால்வு, குழாயைக் குறுக்கியதோடு சரி. இதற்குப் பொருத்தமானது மெல்லிய உலோக இதழோ நார்த்தகடோ கொண்ட ரீட் வால்வு. அது அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்குமா என்ற ஐயத்துக்கு நம் ஊர்ச் சாலையே பதில் சொல்லும். யமஹா ஆர்எக்ஸ் 100 தன் உச்ச சக்தியைக் கொடுக்கும் 7500 சுற்றில், கார்புரேட்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவே இருக்கும் அதன் ரீட் வால்வு நொடிக்கு 125 முறை திறந்து மூடுகிறது. அழுத்தம் மாறிய கணத்தில் இதழ் மாறுகிறது; அதற்குக் கேமும் வேண்டாம், நேர நிர்ணயமும் வேண்டாம். பழைய சுழல் வட்டின் குறை இதனால் நீங்குகிறது. வால்வு கிராங்க்கேஸுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நீண்ட குழாயின் கடைசியில் வைத்தால், இடையிலுள்ள காற்று மெத்தை போல் அமுங்கி விரிந்து வால்வின் வேலையைக் கெடுக்கும்.

குழாய் புறப்படும் இடமும் முக்கியம். நார்ட்டன் கமாண்டோவின் வரலாறே இதற்குச் சான்று. கேம்ஷாஃப்ட் முனையில் இருந்த பிரீதரை 1972இல் கிராங்க்கேஸின் பின்புறம் தாழ்வான பகுதிக்கு மாற்றினார்கள். 1973இல் வந்த 850இல் அதை டைமிங் பெட்டியின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். கிராங்க் வாரி இறைக்கும் ஆயிலுக்கு நேரெதிரில் வாயைத் திறந்து வைத்தால் வெளிவருவது காற்றாக இருக்காது. அதேபோல் ராக்கர் பெட்டி மூடியில் குழாய் வைத்துக் கூடுதல் பிரீதர் போடுவதையும் நான் ஏற்க மாட்டேன். ராக்கர்களை நனைத்த ஆயில் கீழே வடிந்துவரும் பாதை வழியே காற்றை மேலே வரச் சொன்னால் அது ஆயிலை இறங்கவிடாமல் ஏந்திப் பிடிக்கும். தேங்கிய ஆயில் வால்வு கைடு வழியாக இறங்கிப் புகையாகும். கீழிருந்து ஒருவழியாகக் காற்றை எடுத்தால் மேலே உள்ள ஆயிலும் எளிதாக வடியும்.

உள்ளே அழுத்தம் குறைந்தால் கேடு வராதா என்ற தயக்கத்துக்கும் அடிப்படை உண்டு. 1970க்கு முந்தைய டிரையம்பில் கிராங்கின் இடப்பக்க சீல் தேய்ந்திருந்தால், பிரைமரி பெட்டியின் ஆயில் கிராங்க்கேஸுக்குள் இழுக்கப்படும். பேக்கிங்கில் ஓட்டை இருந்தால் வெளித்தூசி நுழையும். இவை மெய்யான குறைகள். ஆனால் சீலையும் பேக்கிங்கையும் மாற்றினால் தீர்ந்துபோகும் குறைகள். ஆயில் தொட்டிக்குத் தனிக் காற்றுவழி எப்போதும் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் திரும்பி வரும் ஆயிலோடு நிறையக் காற்றும் தொட்டிக்குள் வருகிறது. அந்த வழியை வால்வால் அடைத்துவிடக் கூடாது. இன்னொரு மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. எரிவாயுவோடு கசியும் நீராவி உள்ளேயே தங்கி, ஆயிலை வெண்ணிறக் குழம்பாக்குமே என்பது அது. கசியும் வாயு வெளியேறும்போது ஆவியையும் கொண்டே போகிறது. ஆனால் என்ஜின் முழுதாகச் சூடேறினால்தான் நீர் ஆவியாகவே இருக்கும். கடைத்தெரு வரை போய்த் திரும்பும் பைக்கில் வால்வு இதழில் அந்தக் குழம்பு ஒட்டும். அப்படி ஓட்டுபவர் வால்வை அடிக்கடி கழற்றித் துடைக்கத்தான் வேண்டும். குளிர்நாடுகளில் அதே ஈரம் உறைந்து வால்வை அடைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

பிரீதரால் தீராத நோய்களும் உண்டு. நிறுத்தி வைத்த பைக்கின் அடியில் சொட்டும் ஆயில் புவியீர்ப்பால் வருவது. அதற்கு இணைப்புகளைத்தான் சரிசெய்ய வேண்டும். நார்ட்டன் பல வாரம் நின்றால் தொட்டி ஆயில் பம்பின் இடுக்குகள் வழியே இறங்கிக் கிராங்க்கேஸில் நிரம்பும். கிளப்பியதும் அது பிரீதர் வழியே பீய்ச்சியடிக்கும். அதற்குப் பம்பைப் பார்க்க வேண்டும். ரிங் தேய்ந்து எரிவாயு தாராளமாகக் கீழே இறங்கும் என்ஜினில் எந்த வால்வும் குறையழுத்தத்தைத் தக்கவைக்காது. தொழிற்சாலை தந்ததை மாற்றலாமா என்று வருந்தும் மரபுப் பற்றாளர்களை மதிக்கிறேன். அவர்களுக்கு என் பதில்: ஹோஸில் செருகும் ரீட் வால்வு கேஸில் ஒரு கீறலும் விடாது, விரும்பினால் ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். கேஸைத் துளைத்துப் போடும் பெரிய பிரீதரைத் திரும்பப் பெற முடியாது.

இதையெல்லாம் யாரையும் நம்பி ஏற்க வேண்டியதில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் டியூபை யு வடிவில் ஒரு பலகையில் உயரமாகக் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையை ராக்கர் பெட்டியிலோ டைமிங் பெட்டியிலோ காற்று வரும் இடத்தில் இணைத்தால் போதும். துடிப்பு அடங்க, இணைப்பில் ஊசித்துளை அளவுக்கு ஒரு தடை வைக்க வேண்டும். தண்ணீர் என்ஜினுக்குள் ஏறிவிடாதபடி டியூப் நல்ல உயரமாக இருக்க வேண்டும். என்ஜின் சூடானபின் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பாருங்கள். என்ஜின் பக்கம் ஏறினால் உள்ளே அழுத்தம் குறைவு, பிரீதர் வேலை செய்கிறது. திறந்த பக்கம் ஏறினால் உள்ளே அழுத்தம் மிகை. அப்போது முதலில் கம்ப்ரஷனைச் சோதித்து ரிங்கின் நிலையை அறியுங்கள். ரிங் நன்றாக இருந்தால் ரீட் வால்வைப் பொருத்தி மறுபடி அளந்து பாருங்கள். அந்த இரண்டு அளவுகளையும் பார்க்கும் வரை டிரில்லிங் மெஷினைக் கையில் எடுக்காதீர்கள்.